பத்திரிகையில் தாய்மாமன் பெயர்

ஆரணி
1-8-2025

துர்காவுக்கு,

உன் அண்ணன் ஜெயவேல் எழுதுவது. நாலு வருடமாகப் பேசாதவன் திடீரென்று ஏன் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். உறவு கொண்டாட எழுதவில்லை. உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும், அதற்காகத்தான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் உன் நம்பரிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ஒன்று வந்தது. 'திருமணப் பத்திரிகை' என்று பெயர், அதன் வாலில் ஏபிகே என்று மூன்று எழுத்து. திங்கட்கிழமை காலையில் தறியில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்தேன். இது வெளி ஆப், ஆபத்தாக இருக்கலாம் என்று போன் சொன்னது. பரவாயில்லை என்று அமுக்கினேன். ஒரு பிள்ளையார் படம் வந்தது. மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தேன். போனில் இருக்கிற நம்பர்களைப் பார்க்க அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தேன். எல்லாம் கொடுத்த பிறகும் பத்திரிகை மட்டும் வரவில்லை. சிக்னல் இல்லை போலிருக்கிறது என்று போனைப் பலகையில் வைத்துவிட்டு நெய்ய ஆரம்பித்துவிட்டேன்.

மத்தியானம் உன் அண்ணி, "இன்னாங்க, போனு ஓயாம துடிச்சிகினே இருக்குது, பாருங்க" என்றாள். பார்த்தால் வங்கிக் கணக்கில் இருந்த நாற்பத்தோராயிரம் மூன்று தடவையாகப் போயிருந்தது. வந்த ஓடிபியை எல்லாம் எவனோ எங்கோ உட்கார்ந்து படித்திருக்கிறான். அதோடு விட்டதா? அதே பத்திரிகை என் பெயரில் எங்கள் நெசவாளர் குழு முழுக்கப் போய்விட்டது. அந்தக் குழுவுக்குப் பொறுப்பாளரே நான்தான். தெருவில் தலை காட்ட முடியவில்லை. "உங்க வூட்ல யாருக்குக் கல்யாணம், சொல்லவே இல்லியே" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். என் பிள்ளை பத்தாவது படிக்கிறான். யாருக்குக் கல்யாணம் என்று நான் சொல்வது?

இந்த மாதிரி ஆன்லைன் மோசடிக்கென்று இருக்கிற 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். வங்கிக்கும் போய்க் கணக்கை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காவல் நிலையத்தில் ஒரு பெண் ஏட்டு, "யாரு சார் உங்களுக்கு அனுப்புனது?" என்று கேட்டார். என் தங்கச்சி என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

நீ அனுப்பினாயா? தெரிந்து செய்திருக்க மாட்டாய் என்கிறாள் உன் அண்ணி அன்புச்செல்வி. அவளுக்கு எப்போதும் நீதான் நல்லவள். எனக்கு உன்னிடமிருந்து பதில் வர வேண்டும். போன் போடாதே. போனில் பேசுவது நீயா வேறு எவனா என்று இனி நான் நம்புவதாக இல்லை. உன் கையெழுத்து எனக்குத் தெரியும். எழுது.

இன்னொன்று. தாய்மாமனுக்குப் போனிலேயே பத்திரிகை வைக்கிற வழக்கம் கலசப்பாக்கத்தில் வந்துவிட்டதா? வந்திருந்தால் சந்தோஷம். தட்டும் வெற்றிலையும் மிச்சம்.

ஜெயவேல்

*

கலசப்பாக்கம்
6-8-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த போஸ்ட்மேன், "இன்னா டீச்சர், கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டுக்கொண்டே நீட்டினார். படித்த பிறகு அதுவே தேவலாம் போல இருந்தது. கோர்ட்டில்கூட 'அன்புள்ள' இல்லாவிட்டாலும் ஒரு 'திருமதி' போடுவார்கள். நீ வெறும் 'துர்காவுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறாய். சரி, நாலு வருடத்துக்கு அப்புறம் இந்த மட்டுமாவது வந்ததே.

அண்ணா, நான் அனுப்பவில்லை. நம் அம்மா மேல் ஆணை. எனக்கும் இப்படித்தான் வந்தது. தேசூரில் என்னை மாதிரியே அங்கன்வாடியில் இருக்கிற ஒரு டீச்சர் நம்பரிலிருந்து, அன்று சனிக்கிழமை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு உட்கார்ந்த நேரம். அவள் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடிந்துவிட்டது போல என்று நினைத்துத் திறந்தேன். கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினேன். ஆடி மாதத்தில் எவளாவது பத்திரிகை வைப்பாளா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது இதிலாவது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தீபா என் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ம்மா, பத்திரிகைன்னா படமா வரும், போன்ல ஏத்தச் சொல்லுமா? மெசேஜ் படிக்க அதுக்கு எதுக்கு அனுமதி?" என்று ஒரே சத்தம். உடனே நெட்டை அணைத்தாள், அந்த ஆப்பை எடுத்தாள், பிறகு போனையே மொத்தமாகத் துடைத்துப் புதுசாக்கினாள். பாஸ்வேர்டெல்லாம் வேறு போனிலிருந்து மாற்றினாள். என் வங்கி மெசேஜ் உன் மச்சான் சுதாகர் நம்பருக்குத்தான் போகும், அதனால் பணம் தப்பித்தது. அதற்கப்புறம் தீபா போனிலிருந்து மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் கூப்பிட்டு, என் பேரில் வந்ததைத் திறக்காதீர்கள் என்று சொல்லி முடித்தேன். முப்பத்தெட்டுப் பேர். தொண்டையே கட்டிக்கொண்டது.

உன் பணம் போனதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நீ எவ்வளவு நேரம் தறியில் உட்கார்ந்தால் நாற்பத்தோராயிரம் மிச்சமாகும் என்று எனக்குத் தெரியாதா? போன கையோடு 1930-க்குச் சொன்னாய் அல்லவா, அது நல்லது. சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேருகிற இடத்திலேயே நிறுத்துவார்கள் என்று தீபா சொல்கிறாள்.

அவளுக்கு இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. வரன் வந்துகொண்டிருக்கிறது. முடிவானால் உனக்குச் சொல்லாமல் செய்வேனா? அதுகூடவா உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை?

அண்ணிக்கு என் அன்பு.

உன் துர்கா

*

ஆரணி
12-8-2025

துர்காவுக்கு,

கடிதம் வந்தது. நீ அனுப்பவில்லை என்பதை நம்புகிறேன். அம்மா மேல் ஆணை போட்டிருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஞாயிறு மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் கூப்பிட்டுச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். நான் திறந்தது திங்கட்கிழமை காலை. எனக்கு எந்தக் கூப்பிடலும் வரவில்லையே. கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். முப்பத்தெட்டு என்று எண்ணிச் சொல்கிற உனக்கு முப்பத்தொன்பதாவது ஆள் ஞாபகம் வரவில்லையா?

எதிர்வீட்டுச் சடையப்பன், என்னோடு நெய்கிறவர், என் பேரில் வந்ததைத் திறந்துவிட்டார். "நீ அனுப்பினதாச்சேன்னுதான்பா அமுக்கினேன்" என்கிறார். நல்லவேளை, அவர் கணக்கில் நாற்பத்தேழு ரூபாய்தான் இருந்தது. அவர் சிரிக்கிறார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் நான் நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பேச்சு வார்த்தை இல்லாத வீடு இரண்டு. அங்கேயும் போனேன்.

நம்பிக்கை பற்றிக் கேட்டிருக்கிறாய். நீ வீடு கட்டிக் குடிபோன அன்று, நான் என் கையால் நெய்த மாம்பழக் கலர் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். தாய்வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பால் காய்ச்சுவது. நீ உன் நாத்தனார் சென்னையிலிருந்து வாங்கிவந்ததைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாய். என் புடவை தட்டிலேயே கிடந்தது. அத்தனை பேர் நடுவில். சாப்பிடாமல் எழுந்து வந்தேனே, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா?

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஜெயவேல்

*

கலசப்பாக்கம்
19-8-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆமாம், உனக்கு மட்டும்தான் சொல்லவில்லை. போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், பயந்துவிட்டேன். எழுதாமல் விட்டதை நீ கண்டுபிடித்துவிட்டாய். சின்ன வயதில் நான் வெல்லம் எடுத்துத் தின்றால்கூடக் கண்டுபிடிப்பாயே.

என் போனில் நீ 'அண்ணா' என்று இருக்கிறாய். பட்டியலில் முதல் பேரே அதுதான். அன்று துடைப்பதற்கு முன் தீபா அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதித் தன் போனோடு கையில் கொடுத்ததும் உன் பேரில்தான் கண் போனது. நாலு வருடம் கழித்து முதல் வார்த்தையே, 'அண்ணா, நான் ஏமாந்துட்டேன், என் பேர்ல வந்தத திறக்காத' என்றா பேசுவது? நீ என்ன சொல்வாய்? கூப்பிட்டால் எடுப்பாயா? எடுத்துவிட்டுத் திட்டினால்? கடைசியில் போடலாம் என்று உன் பேரை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போனேன். முப்பத்தெட்டும் முடிந்தது. அப்போதும் போடவில்லை. நான் அனுப்பினது என்று தெரிந்தால் நீ எங்கே திறக்கப் போகிறாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நீ திறந்துவிட்டாய். அதைப் படித்த அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு போன், அண்ணா. அரை நிமிஷம். என் வீம்பால் உன் பணம் போச்சு.

அண்ணி போளூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தார்களே, உன்னிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் தங்கள் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், நான் மீட்டிங் முடிந்து வந்துகொண்டிருந்தேன். அந்த நாற்பத்தோராயிரம் எதற்கு என்று கேட்டேன். "உங்க அண்ணன் தீபாவுக்குச் சீர் செய்யணும்னு வருஷம் நாலா சேத்துகினு வந்தாருமா. பேசறதுதான் இல்ல, மனசுல இல்லாமலா?" என்றார்கள். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அண்ணியைக் கோபிக்காதே. நான்தான் விடாமல் கேட்டேன்.

புடவை விஷயத்தையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். நீ புடவை கொண்டுவந்து கொடுத்தது விடியற்காலை நாலரை மணிக்கு. ஐந்தரைக்குப் பால் காய்ச்ச வேண்டும். அதற்கு ஜாக்கெட் எங்கே அண்ணா? ஜாக்கெட் துணி புடவை நுனியிலேயே சேர்ந்து இருந்தது, அறுத்துத் தைத்தால்தானே போட முடியும்? மாம்பழக் கலருக்குப் பொருந்துகிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். நாத்தனார் புடவைக்கு ஒரு வாரம் முன்பே தைத்து வைத்திருந்தேன், அதைக் கட்டினேன். மத்தியானம் உன் புடவையைப் பக்கத்து வீட்டு ஜாக்கெட்டை இரவல் வாங்கியாவது கட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய். நானும் கோபத்தில், போகட்டும், கேட்கத் துப்பில்லாதவரிடம் நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். வருஷம் முழுக்கப் புடவை நெய்கிற ஆளுக்கு ஜாக்கெட் தைக்க நேரம் வேண்டும் என்றுகூடத் தெரியாதா?

அந்தப் புடவையை இன்னும் நான் கட்டவில்லை. நீ பார்க்காமல் கட்ட மனசு வரவில்லை.

உன் துர்கா

*

ஆரணி
3-9-2025

அன்புள்ள துர்காவுக்கு,

பதில் எழுத நாள் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜாக்கெட் விஷயத்தை அன்புச்செல்வியிடம் படித்துக் காட்டினேன். சிரி சிரி என்று சிரித்துவிட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன், நீங்க எங்க காதுல வாங்கினீங்க" என்றாள். சொன்னாளாம். எனக்கு ஞாபகம் இல்லை. நாலு வருடம், துர்கா. ஒரு ஜாக்கெட்டுக்காக.

உன் வீம்பால் என் பணம் போனது என்று எழுதியிருந்தாய். அதில் பாதிதான் உண்மை. மீதியை நான் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வந்ததைத் திங்கட்கிழமைதான் திறந்தேன் என்று எழுதினேன் அல்லவா? இரண்டு நாள் வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. தாய்மாமனுக்குப் போனில் பத்திரிகையா, பார்க்கவே கூடாது என்று இருந்தேன். ஆனால் சாப்பிடும்போதும் தறியில் உட்காரும்போதும் அதே நினைப்பு. பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பேரைப் போட்டிருக்கிறாளா, இல்லை விட்டுவிட்டாளா? திங்கட்கிழமை அதைப் பார்க்கத்தான் திறந்தேன். அதற்காகத்தான் அது கேட்டதற்கெல்லாம் சரி என்றேன். அது என் தறியையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்துகிற ஆள் நான். போன் ஆபத்து என்று எழுதிக் காட்டியும் நிறுத்தவில்லை.

நீ எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நானும் உனக்கு ஒன்று போட்டு, "இன்னாம்மா அனுப்பியிருக்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்துபோயிருக்கும். அந்தத் திருடனுக்கு நம் சண்டை தெரியாது. ஆனாலும் நம் சண்டைதான் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

மூன்று தடவை எடுத்ததில் ஒரு தடவை போன பணத்தை, பதினைந்தாயிரம், ஏதோ ஒரு வங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மனு கொடுத்திருக்கிறேன், வந்தால் வரட்டும். மீதியைப் பற்றிப் பேச்சில்லை. பேஜார் படுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

புது சிம் வாங்கிவிட்டேன். பழைய போனைத் துடைத்தாயிற்று. ஆப் என்றால் போனில் இருக்கிற கடையிலிருந்து மட்டும்தான், அதையும் யார் போட்டது, என்ன அனுமதி கேட்கிறது என்று பார்த்துத்தான். நெசவாளர் குழுவிலும் இதைச் சொல்லிவிட்டேன், எழுதி அல்ல, டீக்கடையில் உட்கார்ந்து நேராக. நான் ஏமாந்த கதையை நானே சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்லி முடித்ததும் இரண்டு பேர், "எனக்கும் போச்சுபா, வெளிய சொல்லல" என்றார்கள்.

நமக்குள் ஒரு ஏற்பாடு. இனி என் பேரில் உனக்கோ, உன் பேரில் எனக்கோ எதை அனுப்பி அமுக்கச் சொன்னாலும், பணம் கேட்டாலும், முதலில் போன் போட்டு, அம்மா வளர்த்த எருமை பேர் என்ன என்று கேட்க வேண்டும். அது நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். எந்தத் திருடனாலும் சொல்ல முடியாது. என் புது நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த மாம்பழக் கலரை எடுத்துக் கட்டு. பட்டுப் புடவையை மடித்தே வைத்தால் மடிப்பில் இழை விட்டுப்போகும்.

உன் அண்ணன்
ஜெயவேல்

*

கலசப்பாக்கம்
24-10-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன வாரம் போனில் பேசியதையே இங்கே எழுதப் போவதில்லை. நீ எடுத்ததும் ஹலோகூடச் சொல்லாமல் எருமை பேரைக் கேட்டாயே, அதை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த உன் மச்சான், "இன்னா, அண்ணன் தங்கச்சி மாடு வியாபாரமா?" என்கிறார்.

தீபா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். கார்த்திகை இரண்டாவது ஞாயிறு. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதை நான் எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அச்சகத்தில் பிழை பார்க்க முதல் பிரதி கொடுத்தார்கள். தீபா அதைப் போனில் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். முழுப் பத்திரிகையும் இதோடு இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கீழிருந்து மடித்து வைத்திருக்கிறேன். பிள்ளையார் இருக்கிறார், பயப்படாதே. எந்த அனுமதியும் கேட்காது. மடிப்பைப் பிரித்துப் பார்.

இது பிழை பார்க்கத்தான், பத்திரிகை வைத்ததாக ஆகாது. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நானும் சுதாகரும் தீபாவும் தட்டோடு வருகிறோம். குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை உனக்குத்தான். தறியில் உட்கார்ந்துகொண்டே வாங்கினாய் என்றால் திரும்பி வந்துவிடுவேன். அண்ணியிடம் வேட்டி எடுத்து வைக்கச் சொல். சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம். நீயும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் நாலு வருடத்துக்கு முன்பு வைத்த இலை பாக்கி இருக்கிறது.

உன் துர்கா

*

ஆரணி
10-11-2025

அன்புள்ள துர்காவுக்கு,

கடிதம் எழுத ஒன்றும் இல்லை, பார்சலோடு ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். கலசப்பாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில், நமக்குத் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கிக்கொண்டதும் போன் போடு. எருமை பேரைச் சொல்லிவிட்டுப் பேசு.

நீ மாம்பழக் கலர் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றதை உன் அண்ணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சடையப்பன் பத்திரிகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நெசமான பத்திரிகைதானே, அமுக்க வேணாமில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் படித்தார். தாய்மாமன் என்று என் பேர் இருக்கிற வரியில் விரலை வைத்து எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். நான் உள்ளே போய்விட்டேன்.

கல்யாணத்துக்கு உனக்குத் தாய்வீட்டுப் புடவை. நீங்கள் வந்துபோன அன்று சாயங்காலமே தறியில் பாவு நூல் ஏற்றிவிட்டேன். கத்தரிப்பூக் கலர், பச்சைக் கரை. புடவை முடிய இன்னும் இரண்டு வாரம் ஆகும், உன் கைக்கு வரக் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட ஆகலாம்.

அதனால் இந்தத் தடவை ஜாக்கெட் துணியை முதலில் நெய்து, தனியாக அறுத்து அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கே தைக்கக் கொடு.

உன் அண்ணன்
ஜெயவேல்